உஷார்! சீட்டுக்கு அடியில் நடுங்கும் வண்டியோடு மலை ஏறாதீர்கள்

செம்பட்டி நாற்சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால் பழைய வண்டிகள் இன்றும் கண்ணில் படும். சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் ஜீப்புகள், வத்தலக்குண்டு பக்கம் போகும் பளபளவென்று பெயின்ட் அடித்த அம்பாசடர்கள். அவற்றில் பல வண்டிகளின் பானெட்டுக்குள் இருப்பது வண்டியோடு பிறந்த எஞ்சின் இல்லை. எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர் பாக்ஸ் இன்னொன்றுடையது, கியர் பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் லேத்தில் வெட்டி வெல்டிங் வைத்த புரொப்பல்லர் ஷாஃப்ட். இந்த எச்சரிக்கை அந்த வண்டிக்காரர்களுக்கு. 50, 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் அமைதியாக இருக்கும்போது சீட்டுக்கு அடியில் மட்டும் ஒரு நடுக்கம் கிளம்புகிறதா? வேகம் கூடினால் அது உறுமலாக மாறுகிறதா? அப்படியென்றால் அந்த வண்டியில் இந்த வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பாதீர்கள்.

"பழைய வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்" என்று ஒர்க்‌ஷாப் தம்பி சொல்வார். சரியாகாது. ஷாஃப்ட் நடுங்கினால் அதன் முனையில் இருக்கும் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) அடிபடும், கிராஸ் லூசானால் நடுக்கம் கூடும், கூடிய நடுக்கம் பின் ஆக்சிலில் இருக்கும் பினியன் பேரிங்கைத் தின்னும். ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் அதை மோசமாக்கும்.

கடைசியில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் கிராஸ் விட்டால் ஷாஃப்ட்டின் பின்முனை சுழன்றுகொண்டே கீழே விழுந்து வண்டியின் வயிற்றில் அடிக்கும். பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் போவது அந்த இடத்தில்தான். முன்பக்கக் கிராஸ் விட்டால் இன்னும் மோசம். முன்முனை ரோட்டில் விழுந்து ஒரு குழியிலோ தார் விளிம்பிலோ குத்தினால், ஓடுகிற வேகத்திலேயே வண்டியின் பின்பாகத்தைத் தூக்கிவிடும். இரண்டில் எது நடந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அந்த நொடியே அறுந்துபோகும். இறக்கத்தில் இரண்டாம் கியரை நம்பி இறங்கிக்கொண்டிருந்தவருக்கு எஞ்சின் பிடிப்பு இல்லை, மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அந்த பிரேக் பைப்பையும் ஷாஃப்ட் அடித்திருந்தால்? கொடைக்கானல் ரோட்டில் டம்டம் பாறைக்குக் கீழே உள்ள வளைவுகளை மனதில் கொண்டுவந்து பாருங்கள். சமவெளி என்றாலும் ஆபத்து குறையாது. தைப்பூச நேரத்தில் மதுரைப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் செம்பட்டி ரோட்டின் ஓரத்தில்தான் போகிறது.

பஸ், லாரிகளில் ஷாஃப்ட்டுக்குக் கீழே ஓர் இரும்பு வளையம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் மாற்றிய எந்தப் பழைய வண்டிக்கும் முன்பக்கக் கிராஸுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வளையம் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. ஷாஃப்ட் விட்டாலும் ரோட்டைத் தொடாமல் அது தாங்கிக்கொள்ளும். ஆகும் செலவும் பெரிதில்லை.

இந்த நடுக்கம் ஏன் எஞ்சின் மாற்றிய வண்டிகளைப் பிடித்து ஆட்டுகிறது? அம்பாசடரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்தது. பழைய வண்டிகள் பலவற்றில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், 50 குதிரைத்திறனை ஒட்டிய சாதுவான இழுவை. பின்னால் இருந்த ஷாஃப்ட், கிராஸ், ஆக்சில் எல்லாம் அதற்குத் தகுந்த கனத்தில் செய்யப்பட்டவை. 1990-களின் தொடக்கத்தில் தொழிற்சாலையே 1.8 லிட்டர் இசுசு எஞ்சினை வைத்தபோது, ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாற்றியது. பட்டறையில் நடக்கும் மாற்றத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. எஞ்சின் உள்ளே உட்கார்ந்ததா, பானெட் மூடுகிறதா என்று பார்ப்பார்கள். பானெட் மூடுவதற்காக எஞ்சினின் முன்பக்கத்தைத் தாழ்த்தி கியர் பாக்ஸின் வாலைத் தூக்கியிருப்பார்கள், அல்லது வாலைத் தாழ்த்தியிருப்பார்கள். நடுக்கம் பிறந்த நாள் அதுதான்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறது. கிராஸ் வளைந்த கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும் வெளியே போகும் சுற்று ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் கிளப்பும் இந்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது பின் கிராஸின் வேலை. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு கிராஸிலும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கியர் பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சரிகிறது, ஷாஃப்ட் 5 டிகிரி சரிகிறது, பினியன் கோடும் அதே 3 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கிராஸிலும் 2 டிகிரி, ஒன்றை ஒன்று அடக்கிவிடும். பினியன் கோடு மட்டும் சரிவே இல்லாமல் மட்டமாக இருந்தால் முன்னால் 2, பின்னால் 5. மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்தான் உங்கள் சீட்டுக்கு அடியில் வந்து சேர்கிறது. இரண்டு கோணங்களுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள், ஒவ்வொரு கிராஸும் 3 டிகிரிக்குள் வேலை செய்தால் நல்லது. ஒரேயடியாக நேராக, சுழியத்தில் வைப்பதும் தப்பு. கிராஸுக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துவிடும்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கைபேசியில் டிகிரி காட்டும் மட்டம் பார்க்கும் செயலி போதும். மட்டமான தரையில், நான்கு சக்கரத்திலும் பாரம் இருக்கும்படி, குழி அல்லது ராம்ப் மேல் வண்டியை நிறுத்தி கியர் பாக்ஸ் பின்முனை, ஷாஃப்ட், பினியன் பிளேஞ்ச் மூன்றிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும் நிலையில் அளந்தால் வரும் எண் பொய். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட்டை உயர்த்தியவர்கள், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்தவர்கள் கட்டாயம் அளக்க வேண்டும். உயர்த்தும்போதே பினியன் கோணம் மாறிப்போயிருக்கும். ஜீப்பில் இது இரட்டிப்பு ஆபத்து. பழைய சிஜே3பி ஜீப்பின் வீல்பேஸே 80 அங்குலம், அதில் ஷாஃப்ட் ரொம்பக் குட்டை. இரண்டு அங்குலம் தூக்கினாலும் கோணம் எகிறிவிடும்.

அளப்பதற்கு முன்னால், நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஓட்டிப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். அதிகாலையில், ஆளில்லாத நேர் ரோட்டில் மட்டும் செய்யுங்கள். மலை ரோட்டில் வேண்டவே வேண்டாம். நடுக்கம் வரும் வேகத்தில் டாப் கியரில் போங்கள். பிறகு அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் போங்கள். எஞ்சின் சுற்று மாறியும் நடுக்கம் அதே வேகத்தில் வந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் சுற்றோடு நடுக்கமும் இடம் மாறினால் எஞ்சின் மவுண்டிங், கிளட்ச், பிளைவீல் பக்கம் பாருங்கள், ஷாஃப்ட்டைக் கழற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

பின்னால்தான் என்று தெரிந்துவிட்டால் டயரா, ஷாஃப்ட்டா? 15 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 8 முறை சுற்றும். கிரவுன் பினியன் விகிதம் 4.5 என்று வைத்தால் ஷாஃப்ட் நொடிக்கு 36 முறை சுற்றும். டயர் கோளாறு மெதுவான குலுக்கலாக, எண்ணிவிடலாம் போல வரும். ஷாஃப்ட் கோளாறு எண்ண முடியாத ரீங்காரமாக, கண்ணாடியில் தெரியும் உருவம் மங்கும்படி வரும். கோணக் கோளாறு அதற்கும் இரட்டிப்பு, நொடிக்கு 72 வரை. அது நடுக்கத்தைவிட அடித்தொண்டை முனகலாகக் காதுக்கு எட்டும். ஜீப்பில் 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும் இருந்தால் விகிதம் 5.38, அங்கே ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 40 முறை சுற்றும்.

இன்னொரு அடையாளம் உண்டு. நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் தடதடவென்று உதறி, வேகம் பிடித்ததும் அடங்கிவிடுகிறதா? புது டீசல் எஞ்சினின் இழுவையைத் தாங்காமல் பழைய பட்டைகள் முறுக்கிக்கொண்டு, பினியன் மூக்கு மேலே எழும்புவதாக இருக்கலாம். அப்படியென்றால் கிளட்ச் மாற்றினால் இது போகாது. பட்டை செட், யூ போல்ட், சென்டர் போல்ட் மூன்றையும் பாருங்கள். சென்டர் போல்ட் உடைந்து ஆக்சிலே ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். பட்டையின் முன்முனை போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தால் தெரிந்துவிடும்.

இப்போது கிராஸைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் ஓடிய கிராஸின் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துருத்தூள் ஒட்டியிருக்கும். கப்பை உருவினால் கொம்பின் மேல் ஊசி ரோலர்களின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கும், நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்படும். ரிவர்ஸ் எடுக்கும்போது சிட்டுக்குருவி கத்துவதுபோலக் கீச்சுச் சத்தம் வந்திருந்தால் அது இதுதான். வரி விழுந்த கிராஸுக்குக் கிரீஸ் அடித்து மறுபடி மாட்டச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நிப்பிள் வைத்த கிராஸுக்குக் கிரீஸ் அடித்தால் நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த நான்காவது கப்தான் உங்களை ரோட்டில் விடப்போவது.

லேத்தில் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வெல்டிங் வைத்தபோது இரண்டு யோக்கும் ஒரே கோட்டில் வைக்கப்பட்டதா? வெல்டிங் சூட்டில் குழாய் வளைந்ததா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்களா? பேலன்சிங் செய்தார்களா? குழாயின் மேல் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள் ஒட்டவைத்திருக்கும், அவை பேலன்ஸுக்காக வைத்த எடைகள். அசிங்கமாக இருக்கிறதென்று தட்டி எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். ஸ்லிப் யோக் பல்லுக்குள் போதிய நீளம் நுழைந்திருக்கிறதா என்பதும் உயிர் போகிற கேள்வி. பள்ளத்தில் ஆக்சில் கீழே இறங்கும்போது ஷாஃப்ட் நீள வேண்டும், நுழைவு குறைவாக இருந்தால் அங்கேயே கழன்றுவிடும். வேறு வேலைக்காக ஷாஃப்ட்டைக் கழற்றினாலும், கழற்றும் முன் பிளேஞ்சிலும் யோக்கிலும் ஒரு கோடு போட்டு, மாட்டும்போது அதே கோட்டில் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது டிஃபரன்ஷியல். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, விட்டால் அடங்கினால் கிரவுன் பினியன் பற்களின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கிறது. விடும்போது மட்டும் ஊளையிட்டால் பற்களின் மறுபக்கமோ பினியன் பேரிங்கோ. எப்போதும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் கடகடத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கியர்கள். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டங்'கென்று இடித்தால் கிராஸிலிருந்து ஆக்சில் முனை வரை எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது, ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆயில் பிளக்கைக் கழற்றி, வரும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோன்ற பசை வந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். விரலுக்கு நடுவில் தேய்க்கும்போது நெருடுகிற துகள், சீவல், பொன்னிற மினுக்கம் வந்தால் வண்டி அங்கிருந்து ஓட்டிப் போகக் கூடாது. இந்த டிஃபரன்ஷியல் ஹவுசிங்குகளில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே அமர்ந்து, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே ஓடும். அந்த அழுத்தத்துக்கு ஜிஎல்-5 தர ஆயில்தான் தாங்கும். "90 நம்பர் ஆயில் ஊத்துப்பா" என்றால் மட்டும் போதாது, டப்பாவில் தரத்தைப் படியுங்கள். அதே ஆயிலைக் கியர் பாக்ஸிலும் ஊற்றாதீர்கள், சில கியர் பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அது அரிக்கும். ஹவுசிங் மேலே இருக்கும் மூச்சுத் துளை சேற்றில் அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி சீலைத் தாண்டி ஆயில் கசியும். பின் டிரம்முக்குள் போன ஆயில் பிரேக் லைனிங்கை நனைத்துவிடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கூடுதல் உஷாராக இருங்கள். ஊளையிடும் டிஃபரன்ஷியலுக்குள் மரத்தூளையோ வாழைப்பழத்தையோ போட்டுச் சத்தத்தை அமுக்கி விற்பது உலகமெங்கும் பேசப்படும் பழைய பித்தலாட்டம். ஆயில் பிளக்கைத் திறக்க விடாத ஆளிடம் வண்டி வாங்காதீர்கள்.

கிரவுன் பினியனை மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய சாமான் கடைகளில் கிரவுன் ஓரிடத்தில், பினியன் ஓரிடத்தில் வாங்கி வந்து சேர்த்தால் ஊளை நிச்சயம். பற்களுக்கு இடையே விடும் இடைவெளி (பேக்லாஷ்) பொதுவாக 0.15-லிருந்து 0.20 மி.மீ. வரை. அதைக் கையால் ஆட்டி "சரியா இருக்குண்ணே" என்று சொல்வதெல்லாம் ஏற்க முடியாது, டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஃபோர் வீல் ஜீப்பில் பின் ஹவுசிங்கை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றி, முன்னால் பழையதை விட்டுவைத்தால், ஃபோர் வீல் போட்ட அன்றைக்கே எதையாவது உடைக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை விவரங்களை ஆர்சி புத்தகத்துக்கு மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ(4), ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்க நீங்களே வழி செய்து கொடுத்தது போலாகும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிகளின்படி 'விஏ' பதிவெண் வாங்கும் ஆசை இருந்தால் எஞ்சினைத் தொடவே தொடாதீர்கள். அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் அது.

பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லோரும் கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கும் டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றினாலோ, அது உடைந்தாலோ, ஆக்சில் முறிந்தாலோ ஹேண்ட் பிரேக் போட்டும் ஜீப் உருளும். ஷாஃப்ட் நன்றாக இருக்கும்போதே பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலும் உருளும். ஷாஃப்ட் அசையாது, ஆனால் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கமும் தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமும் சுற்றும், ஜீப் ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். கிராஸை ஆட்டிப் பார்க்கக் கீழே படுத்திருப்பவர் நசுங்குவது இப்படித்தான்.

கீழே போகும் முன் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். ஃபோர் வீல் உள்ள ஜீப்பில் முன் ஹப்பை லாக் செய்து ஃபோர் வீல் போட்டு வையுங்கள், முன் ஆக்சிலும் சேர்ந்து பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். மலை ரோட்டில் நடுவழியில் நடுக்கம் கிளம்பினால் ஆக்சிலேட்டரை விட்டு, நிதானமாகப் பிரேக் பிடித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். முதலில் எல்லோரையும் இறக்குங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள், அதற்குப் பிறகு கீழே குனிந்து பாருங்கள். ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம், ஓடி வந்த கிராஸ் கை வெந்துபோகும் அளவுக்குச் சுட்டுக் கிடக்கும். அங்கிருந்து வண்டி கீழே இறங்க வேண்டுமென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்றி இறக்குங்கள்.